குன்றிலிருந்து கூப்பிட்ட அன்று

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிறது. அதை நான் மதிப்பதில்லை. உன் இரத்த அழுத்தமும் மாப்பிள்ளையின் சர்க்கரையும் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போன தடவை பேசும்போது பாதியில் போனை வைத்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் வைக்க வைத்தது நீ. "வயசாச்சு, இனிமே கம்பம் கயிறுன்னு அலையாம எங்க வீட்டுக்கு வந்து இருங்க" என்றாய். அதிலிருந்து, நாம் இருவரும் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உன் குரலைக் காணோம். இப்போது நீ வந்தாலும் நான் இல்லை. மாடியில் இருந்த என் ஆன்டெனா வயரை வீட்டுக்காரர் கழற்றச் சொல்லிவிட்டார். அழகு கெடுகிறதாம். அவர் வீட்டின் அழகை நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் ரேடியோ சங்கத்தில் என்னைக் கழற்றிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வெட்டவெளியில் கம்பம் நட்டு, பேட்டரியில் செட்டை ஓட்டி, கேட்கிற ஊரோடெல்லாம் பேசுகிற அந்த வேலையை இவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே நான். இந்த வருஷம் அந்தச் செயலாளர், உன்னோடு கல்லூரியில் படித்தவர், என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க சும்மா நிழல்ல உக்காருங்க, அது போதும்" என்கிறார். காரணம் என்ன தெரியுமா? கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற கயிறுகள் கண்ணில் படுவதற்காக அவற்றில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று புது விதி போட்டிருக்கிறார். நான் கட்ட மாட்டேன் என்றேன். துணி காற்றில் அடித்தால் கயிறு அதிரும், கம்பம் ஆடும். நான் கல்லூரி படிக்கவில்லை. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் நின்றபடி ரேடியோ கற்றவன். கயிற்றைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

ஆகவே அவர்கள் மைதானத்தில் போடட்டும். அதே நாள், பிப்ரவரி கடைசி ஞாயிறு, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் என் நிலையத்தைப் போடுகிறேன். பேட்டரியைச் சலூன்காரர் தன் ஸ்கூட்டரில் கொண்டுவருகிறார். காலை ஒன்பதிலிருந்து உன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிடுவேன். கேட்டால் பதில் சொல். அவ்வளவுதான். நான் கெஞ்சவில்லை.

உன் அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலமே. என் இரத்த அழுத்தம் உங்கள் கடிதத்தைப் படித்துமுடிக்கும்வரை கட்டுக்குள்தான் இருந்தது. உங்கள் மாப்பிள்ளை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "உங்க அண்ணன் திட்டாத ஆள் யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?" என்றும் கேட்டார். சலூன்காரரைச் சொன்னேன்.

பதில் சொல்வேன் என்று வாக்குத் தர மாட்டேன். செட்டின் மேல் துவைத்த துணி மலை மாதிரி கிடக்கிறது. பார்க்கலாம்.

செயலாளர் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. உங்கள் கயிறு மெல்லிசு, நிறமும் காய்ந்த புல் நிறம். துணி கட்டினால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் கடைக்குப் போய் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பழைய சிவப்புத் திரைச்சீலையைக் கிழித்து, ஓரம் அடித்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாலு கயிற்றுக்கும் போதும். கட்டுங்கள்.

வெயிலில் தொப்பி போடுங்கள்.

தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

பொட்டலம் வந்தது. ஓரம் நன்றாக அடித்திருக்கிறாய். நானும் நலம், முழங்காலும் நலம்.

கம்பத்தை ஒரு தடவை தெருவில் நீட்டிப் பார்த்தேன். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாக நிற்கின்றன. வயரை வெட்டி அளவு பார்த்தாயிற்று. சலூன்காரர் கூடமாட இருந்தார். "அண்ணே, இவ்வளவு வேலை பண்ணி யார்கிட்ட பேசப்போறீங்க?" என்றார். என் தங்கையோடு என்றேன். "அதுக்கு ஒரு பஸ் ஏறினா போதாதா?" என்றார். அந்த மனிதருக்கு வாய் அதிகம். இருந்தாலும் பேட்டரியைத் தூக்குகிற தோள் இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஞாயிறுதான் அவருக்குக் கடையில் கூட்டம். அதை விட்டுவிட்டு வருகிறார்.

நீ வாக்குத் தர வேண்டாம். நான் கூப்பிடுவேன்.

உன் அண்ணன்


மார்ச் 5

தங்கைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

நிலையம் நன்றாக அமைந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் சிலர் கிடைத்தார்கள், என் சிக்னல் பலமாக இருப்பதாகச் சொன்னார்கள். நீ வரவில்லை. இடையில் ஒரு தடவை உன் குரல் மாதிரி ஏதோ கேட்டது. காதின் ஏமாற்று வேலை.

நீ அனுப்பிய துணி உபயோகப்பட்டது.

சலூன்காரருக்குக் காலில் அடி. கீழே பார்த்து நடக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நலம். கடிதம் இவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறீர்களே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அன்று எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. காலையில் போனது மத்தியானம்தான் வந்தது. அதனால்தான் வர முடியவில்லை. வருத்தப்படாதீர்கள்.

துணி கட்டினீர்கள் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் பேச்சை நீங்கள் கேட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. உங்கள் மாப்பிள்ளையிடம் கடிதத்தைக் காட்டினேன். நம்பவில்லை.

சலூன்காரருக்கு எந்தக் காலில் அடி? சுளுக்கா? எழுதுங்கள்.

தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு இப்போது வேலை அதிகம்.

சுளுக்கு இல்லை. வலது காலில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. தகடு வைத்திருக்கிறார்கள். காலை ஊன்றக் கூடாது என்று உத்தரவு. நின்றுகொண்டே செய்கிற தொழில் அது, யோசித்துப் பார். ஒரு மாதம் கடை மூடிக்கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் எதிர்த்தெருக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

நான் காலையில் பேப்பர் படிக்க எப்போதும் அவர் கடைக்குத்தான் போவேன், உனக்குத் தெரியும். கடை மூடியிருந்தால் எங்கே போய்ப் படிப்பது? ஆகவே சாவியை வாங்கி ஷட்டரை நானே தூக்குகிறேன். உட்கார்ந்தபடி முடி வெட்ட முடியுமா என்று அவரிடம் கேட்டேன். "நாற்காலியச் சுத்திச் சுத்தி வரணுமேண்ணே" என்றார். சின்ன முக்காலி ஒன்றின் அடியில் பழைய வண்டிச் சக்கரம் நாலு மாட்டிக்கொடுத்தேன். கட்டுப்போட்ட காலை வைக்க முன்னால் ஒரு பலகை. வாடிக்கைக்காரர் நாற்காலியின் காலைக் குறைத்துவிட்டேன். இப்போது சுவரைத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டு வெட்டுகிறார். முதல் நாள் ஒருவருக்குக் காதோரம் கொஞ்சம் ஏறிவிட்டது. "ஸ்டைலுங்க" என்றார். அந்த ஆளும் சரியென்று போய்விட்டார்.

முடி கூட்டுவது, துண்டு அலசுவது, கண்ணாடி பிடிப்பது இதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். இதில் பெரிதாக எண்ண ஒன்றுமில்லை.

ஒரே தொல்லை. கடை திறந்ததும் தினமும் அவர் ஒன்று சொல்வார். "அண்ணே, மன்னிச்சிருங்க. குருட்டுத்தனமா ஓடிவந்து உங்க கம்பத்தச் சாய்ச்சிட்டேன். தங்கச்சி கூடப் பேச விடாம கெடுத்துட்டேன்." நான், "சரி விடுங்க" என்பேன். மறுநாளும் சொல்வார். நானும் மறுபடி, "சரி விடுங்க."

எனக்கு ராத்திரிச் சாப்பாடு இப்போதெல்லாம் இறங்குவதில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

அண்ணன்


மே 3

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு இப்போது மனசில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயந்துபோய், உங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லி செயலாளருக்கு எழுதினேன். அவர் பதில் போட்டிருக்கிறார். அன்று சலூன்காரரைக் குன்றிலிருந்து இறக்கியது சங்கத்து வண்டியாமே. நீங்கள் மைதானத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர்களாமே. இதில் ஒரு எழுத்தாவது எனக்கு எழுதினீர்களா?

துணி உபயோகப்பட்டது என்று எழுதினீர்கள். ஒரு கழியை வைத்து அவர் காலோடு சேர்த்துக் கட்டத்தான் உபயோகப்பட்டிருக்கிறது. என் திரைச்சீலைத் துணி அத்தனையும் அவர் காலில் இருந்ததாம். நாலு கயிற்றிலும் ஒன்றுகூட இல்லையாம். செயலாளர் உங்களை ஒன்றும் கேட்கவில்லையாம், கம்பத்தை மட்டும் மடக்கி எடுத்துவந்தாராம். கேட்டிருக்கலாம்.

நான் இங்கே உட்கார்ந்து என் அண்ணன் என் பேச்சைக் கேட்டார் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் தினமும் மன்னிப்புக் கேட்கிறார், நீங்கள் சரி விடுங்க என்கிறீர்கள். அண்ணா, எப்படி முடிகிறது உங்களால்?

தங்கை


மே 12

தங்கைக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நலமில்லை.

ஆமாம். கட்டவில்லை. துணி என் சட்டைப் பையில் இருந்தது. குன்றுக்கு எடுத்துக்கொண்டு போனேன் என்பதையாவது கவனி. கயிற்றை இழுத்துக் கட்டி முடித்ததும் பையில் கை போனது. அப்போது தோன்றியது: செயலாளர் சொன்னார், அதையே நீயும் சொன்னாய், தைத்தும் அனுப்பிவிட்டாய். கட்டினால் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஜெயித்துவிட்ட மாதிரி. கையை வெளியே எடுத்துவிட்டேன். இதுதான் நடந்தது. காற்றுக்கும் கயிற்று அதிர்வுக்கும் இதில் சம்பந்தமில்லை.

ஒன்பதிலிருந்து கூப்பிட்டேன். நீ வரவில்லை. வயரின் ஒரு முனையை உன் ஊர்ப் பக்கம் திருப்பினால் எடுக்கும் என்று சலூன்காரரை அந்த ஓரத்துக்கு அனுப்பினேன். அவர் வயர் முனையைக் கட்டிய முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது இரைச்சலுக்கு நடுவே உன் குரல் மாதிரி ஒன்று கேட்டது. "வந்துட்டா! ஓடி வாங்க, ஓடி வாங்க!" என்று கத்தினேன். அவருக்கு அதில் என்ன சந்தோஷம் பார், முளையைப் போட்டுவிட்டு நேராக ஓடிவந்தார். கயிறு தடுக்கிப் பாறைக்குக் கீழே விழுந்தார்.

அவர் கண்ணில் கயிறு படவில்லை. படாது. எனக்கே சில நேரம் படுவதில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்ல மாட்டேன். கயிற்றில் துணி கட்ட வேண்டியிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தன் கண்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சொன்னால் எலும்பு கூடிவிடுமா? முக்காலி செய்துகொடுத்தேன். கடையைப் பெருக்குகிறேன். போதும்.

இதைப்பற்றி இனி எழுதாதே.

அண்ணன்


மே 29

அண்ணா,

அன்று மின்சாரம் இருந்தது.

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதை எழுதாவிட்டால் எழுத முடியாது.

துணி மலையை எட்டரைக்கே இறக்கி வைத்துவிட்டுச் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு நீங்கள் கூப்பிட்ட முதல் குரலே கேட்டது. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. நீங்கள் இருமியது கேட்டது. "பேட்டரிய வெயில்ல வைக்காதீங்க" என்று யாரையோ அதட்டியது கேட்டது. உங்கள் மாப்பிள்ளை வந்து பின்னால் நின்றார். "பதில் சொல்லேன், மனுஷன் தொண்டை கிழியுது" என்றார். "இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும். போனை வச்சாருல்ல" என்றேன்.

நீங்கள் கூப்பிடக் கூப்பிட எனக்கு இனித்தது அண்ணா. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த வயசில் எனக்கு அது எப்படி இனித்தது?

கடைசியில் மனசு கேட்காமல் மைக்கை அழுத்தி "அண்ணா" என்றேன். சொன்ன உடனே வீம்பு வந்து கையை எடுத்துவிட்டேன். உங்கள் காது ஏமாற்றவில்லை. அது நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவே இல்லை. கோபித்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டீர்கள் என்று நினைத்து, துணியை மடிக்கப் போய்விட்டேன். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே என் துணியை அவர் காலில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

முதல் தடவை கூப்பிட்டதும் பதில் சொல்லியிருந்தால் அவர் அந்த ஓரத்துக்கே போயிருக்க மாட்டார்.

இதை அவரிடம் சொல்லுங்கள். உங்களுடையதையும் சொல்லுங்கள், என்னுடையதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு எழுதுவேன். இது மிரட்டல்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

உன் கடிதத்துக்கு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. என் காது ஏமாற்றவில்லை என்று தெரிந்ததில் முதலில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது, அப்புறம் சரியான கோபம். பழியை மொத்தமாக உன் தலையில் வைக்க நீயே இடம் கொடுத்திருந்தாய். வைத்தும் பார்த்தேன், உட்காரவில்லை. நீ பேசினாலும் பேசாவிட்டாலும் துணி என் பையில்தான் இருந்திருக்கும்.

நீ எழுதிவிடுவாயோ என்ற பயத்தில் தினமும் தபால்காரரைக் கடை வாசலிலேயே பிடித்துக் கடிதங்களை நான் வாங்கினேன். நீ எழுதவில்லை. எனக்காகக் காத்திருக்கிறாய் என்று புரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. சலூன்காரர் இப்போது கைத்தடி வைத்து நிற்கிறார், ஒரு தலை வெட்டி முடிக்கும்வரை. அடுத்த தலைக்கு முக்காலிக்குப் போய்விட வேண்டும். அவர் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே, முதலில் உன்னுடையதைச் சொன்னேன். அது எனக்கு எளிது, பார்.

கேட்டுவிட்டு, "அப்போ அன்னிக்குத் தங்கச்சி பேசினாங்களா? நல்லதாப்போச்சு. நம்ம ஆன்டெனா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"அது மட்டும் இல்ல. அந்தச் சிவப்புத் துணி..."

"ம்."

"அது கயித்துல கட்டுறதுக்கு அவ அனுப்பினது. நான் கட்டல. பையிலயே வச்சிருந்தேன்."

"தெரியும்ணே" என்றார். சீப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"எப்படியா? கால்தான்ணே ஒடிஞ்சது, கண்ணு ஒடியல. சட்டைப் பையிலருந்து ஒண்ணொண்ணா உருவித்தானே கட்டுனீங்க? அதுக்கு முந்தி தெருவுல கம்பம் நீட்டினப்போ உங்க மேசையில கிடந்தது, எதுக்குன்னு நான் கேட்டதுக்கு நீங்க ஒரு முறை முறைச்சீங்களே. சங்கத்து விதியத்தான் என் கடையில ஊரே பேசுச்சே. அந்த வலியிலயும் நெனச்சேன், கயித்துல கட்ட வேண்டியத இந்த மனுஷன் நம்ம கால்ல கட்டுறாரேன்னு."

"அப்புறம் எதுக்குத் தினமும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?" என்றேன்.

"எத்தனை நாள்தான் வாங்கிக்கிறீங்கன்னு பார்த்தேன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மொதல்ல ரெண்டு நாள்ல சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்கு சரி விடுங்க, சரி விடுங்கன்னீங்க. அப்புறம் கோவம் வந்துச்சு. முக்காலியத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வந்துச்சு. அதுல உக்காந்துதானே பொழப்பு, உடைக்க முடியல" என்றார்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். வெளியே போய்விடலாம் என்றுதான் சாத்தினேன். "எங்க போறீங்க?" என்றார். "இனிமே நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க. தினமும், கடை திறந்ததும். நான் எப்படிக் கேட்டேனோ அப்படி. முழுசா."

"எத்தனை நாளைக்கு?"

"நான் நாள் முழுக்க நின்னு வெட்டுற வரைக்கும்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நிக்கலாங்கறாரு. நாள் முழுக்க நிக்க முடியாதுங்கறாரு."

அதற்குள் ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிட்டார். நான் கண்ணாடி பிடித்தேன்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றேன். சலூன்காரர் முக்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார், பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி. நான் யாரிடமும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னவனில்லை. நம் அப்பாவிடம் சொல்லவில்லை, பட்டறை முதலாளியிடம் சொல்லவில்லை, போனை வைத்ததற்கு உன்னிடமும் சொல்லவில்லை. "மன்..." என்று ஆரம்பித்துவிட்டு ஷட்டர் பூட்டைத் துடைத்தேன். "என்னண்ணே, சிக்னல் வீக்கா இருக்கு?" என்றார். பாவி. அப்புறம் சொன்னேன். "துணியைப் பையில வச்சுக்கிட்டு உங்களை ஓட விட்டேன், மன்னிச்சிருங்க." அவர் சரி விடுங்க என்று சொல்லவில்லை. "தண்ணி கொதிக்க வைங்க" என்றார்.

நேற்றும் சொன்னேன், இன்றும் சொன்னேன். எளிதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

செயலாளரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று நீ நினைப்பாய். மாட்டேன். துணி கட்டினால் மெல்லிய கயிறு காற்றில் அதிரும் என்பது இன்றும் என் அபிப்பிராயம். கட்டியிருக்க வேண்டும் என்பது வேறு.

உன்னுடையதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். "தங்கச்சி பங்கு தனியா இருக்கு. அதை நீங்க சொன்னா செல்லாது. அவங்க வந்து சொல்லட்டும்" என்கிறார். ஒரு பஸ் ஏறினால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வருவதானால் காலையிலேயே வா, கடை திறக்கும் நேரத்துக்கு. ஆனால் உள்ளே நுழைந்ததும் முந்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிடாதே. முதலில் நான் சொல்லி முடிக்க வேண்டும், அப்புறம்தான் உன் முறை. மூத்தவன் நான்.

உன் அண்ணன்